சிவப்புப் புள்ளியோடு வாங்கிய கேமரா

போன வாரம் விருதுநகரில் இன்னொரு கேமரா வாங்கினேன். இதுவும் பழையதுதான். பையைத் திறந்ததும் பூட்டிக்கிடந்த அறையின் வாடை அடித்தது. விற்றவர் அதன் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பி, திரையின் நான்கு மூலைகளையும் பார்த்தேன். "என்ன தேடுறீக?" என்றார். உன்னைப் பற்றி அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? "சும்மா பாக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

நம் முதல் கேமராவை வாங்கப் போனதும் இதே ஊருக்குத்தான். அப்போது நான் அடுத்தவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நாள்கூலிக்குக் கல்யாண வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நீ சிவகாசியில் ஓர் அச்சகத்தில் செக்கிங் பிரிவில் இருந்தாய். அச்சாகி வரும் காலண்டர் தாள்களைக் கட்டுக்கட்டாகப் புரட்டி, சாமி முகத்தில் துளி மை சிதறியிருந்தாலும் அந்தத் தாளை உருவி எடுத்துவிடுவாய். நாள் முழுக்க அதே வேலை.

விஸ்வநத்தத்தில் ஒரு கல்யாணத்தை முதன்முறையாக நானே ஒப்புக்கொண்டிருந்தேன். முகூர்த்தத்துக்கு நான்கே நாள். கடையை மூடிவிட்டு மகனிடம் போய் இருக்கப்போகிற ஒரு ஸ்டுடியோக்காரர் தன் கேமராவை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, உன்னையும் லீவு போடச் சொல்லிக் கூட்டிப்போனேன்.

தோளில் வைத்துப் பிடிக்கும் பெரிய கேமரா. கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவைப் பிடித்தேன், எதிர்க்கடையைப் பிடித்தேன், வாசலில் நின்ற சைக்கிளைப் பிடித்தேன். நீ மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாய்.

"ஏங்க, கொஞ்சம் சுவத்துப் பக்கம் திருப்புங்க."

திருப்பினேன்.

"இந்தா, இந்த மூலையில. ஊசிமுனை கணக்கா ஒரு செவப்புப் புள்ளி. தெருவைக் காட்டும்போதும் அங்கனதான் இருந்துச்சு. இப்பவும் அங்கனதான் இருக்கு."

என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு தொழில்காரர் முன்னால் பெண்டாட்டி குறை சொல்கிறாளே என்ற கூச்சம்தான் வந்தது. "இது என்ன காலண்டரா? ஒனக்கு என்ன தெரியும்? சும்மா இரு" என்று சத்தம் போட்டேன். நீ திரையில் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

ஸ்டுடியோக்காரர்தான் தலையைக் குனிந்துகொண்டார். "தங்கச்சி சொல்றது நெசந்தான் தம்பி. ரெண்டு வருசமா இருக்கு. லென்ஸ்ல இல்ல, உள்ளுக்குள்ள. எடுக்குற படம் பூராவும் விழும். இதுவரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படல."

வேண்டாமென்று நான் எழுந்துவிட்டேன். அப்போதும் நீதான் பேசினாய். "நாலு நாளைக்குள்ள வேற எங்க போயித் தேடுவீக? குறை தெரிஞ்சு வாங்குனா அது நம்ம பொருளு. தெரியாம வாங்குனாத்தான் ஏமாந்தது." அந்தக் குறைக்கு ஈடாக ஸ்டாண்டையும் மைக்கையும் கேட்டு வாங்கினாய். திரும்பும்போது பஸ்ஸில் அந்த ஸ்டாண்டை மடியில் கிடத்திக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தாய். திருத்தங்கல் தாண்டும்வரை நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எடிட்டிங் செய்கிறவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். "ஒவ்வொரு காட்சியிலயும் புள்ளி இருக்குண்ணே. அம்புட்டையும் மறைக்க எனக்கு நேரமில்ல." அவரிடம் நீ கேட்டது ஒன்றுதான்: "எப்படி மறைக்கிறதுன்னு மட்டும் காட்டுவீகளா?" அரைமணி நேரம் காட்டினார். அச்சக வேலை முடிந்ததும் நேராக அவர் கடைக்குப் போய் உட்கார்ந்தாய். மூன்று வாரம். பெண்வீட்டார் படத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்கள். ஒரு குறையும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் நீ அச்சகத்திலிருந்து நின்றுகொண்டாய். அப்புறம் நான் எடுத்த படம் எல்லாமே உன் கையால்தான் முடிந்தது.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, எடிட்டிங்கில் ஓடிய படத்தை நிறுத்திக் காட்டினாய். "நீங்க கேமராவைத் திருப்புனதும் இந்தப் பொம்பளைக கையைப் பாருங்க. முந்தானைக்குள்ள போகுது. இங்கன பாருங்க, இவுகளும்."

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் நகக்கண்ணை விட்டுப் போகாது. எத்தனையோ கல்யாணங்களில் அவர்களைப் படம் பிடித்திருக்கிறேன். அந்தக் கைகள் மறைவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"கையை மட்டும் விட்டுட்டு முகத்தைப் பிடிக்கவா?" என்றேன்.

"அது வேண்டாம். வெளியாளு கணக்கா போயி நின்னா ஒளிக்கத்தான் செய்வாக. மொதப் பந்தியில அவுக கூட உக்காந்து சாப்பிடுங்க. நாலு வார்த்தை பேசுங்க. அப்புறமாக் கேமராவைத் தூக்குங்க."

அப்படியே செய்தேன். அதன் பிறகு நம் படங்களில் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள், குலவையிட்டார்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். "ஒங்க படத்துல மட்டும் எங்க சனம் நல்லாருக்காக" என்று தேடி வந்து சொன்னார்கள். அந்தப் பேச்சுதான் நமக்குச் சோறு போட்டது. பாராட்டெல்லாம் எனக்கு வந்தது. நீ உள்ளே டீ போட்டுக்கொண்டிருப்பாய்.

நோய் உன்னை எட்டு மாதத்தில் கொண்டுபோய்விட்டது. மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களிலும் கட்டிலில் சாய்ந்தபடி ஒரு வளைகாப்புப் படத்தை முடித்துக் கொடுத்தாய். நீ போன பிறகு பழைய பதிவுகளிலெல்லாம் உன்னைத் தேடினேன். என்னோடு நீ வந்த கல்யாணங்களில் எங்காவது ஓர் ஓரத்தில் விழுந்திருப்பாய் அல்லவா? விழுந்த இடங்களையெல்லாம் நீயே வெட்டியிருக்கிறாய். முன்பொருமுறை நீ வெட்டுவதைப் பார்த்து ஏன் என்று கேட்டதற்கு, "கல்யாண வீட்டுக்காரக எதுக்கு என்னைப் பாக்கணும்?" என்றாய். கடைசியில் கிடைத்தது உன் குரல் மட்டும்தான். "அந்தப் பக்கம் திரும்புங்க, அந்த ஆச்சி சிரிக்குறாக." எனக்கு அது போதும்.

ஒரு வருஷம் நான் எந்த வேலைக்கும் போகவில்லை. போன வாரம் வாங்கிய இந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் அச்சங்குளத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனேன். பையைத் திறக்காமல் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு முதல் பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் வாளியோடு வந்த அக்காவுக்கு ஆச்சரியம். நகக்கண்ணில் அதே வெள்ளி நிறம்.

"படம் எடுக்க வந்தவுக மொதல்ல சாப்பிட உக்காந்துட்டீக?"

"எங்க வீட்ல அப்படித்தான் சொல்லியிருக்கா, அக்கா" என்றேன்.

"நல்ல புள்ளயா இருக்கும் போல" என்று சிரித்துவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றினார்.