மல்லுக்கு நின்ற மடக்குக் குறடு

ஃபர்சானா,

இடியாப்பம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாவி மீட்டர் பெட்டிக்குள்.

மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த புது மடக்குக் குறட்டை நேற்று மச்சான் முன்னால் விரிக்கப் பார்த்து உன் அத்தா முகம் சிவந்ததும், கைப்பிடி அசையாததும், நான் சிரித்துத் தொலைத்ததும் நீ பார்த்ததுதான். "சிரிக்கிறவரு தொறந்து காட்டுங்க" என்றவர் இன்னும் என்னிடம் பேசவில்லை.

அப்படி என்னதான் பிடிக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் மூட்டுத் திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கிரீஸ் பிசினாகக் காய்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் துடைத்து, உன் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். ஒற்றை விரலில் விரிந்தது!

உடனே திருகாணியைக் கொஞ்சம் இறுக்கிவிட்டேன். அவ்வளவு லேசாகத் திறந்தால் என் கைவேலை என்று அத்தா கண்டுபிடித்துவிடுவார். கொஞ்சம் மல்லுக்கட்டட்டும்.

சாயங்காலம் மச்சான் வந்ததும் ஏதாவது கம்பியை நீட்டி, "அத்தா, இதெ வெட்டிக் குடுங்க" என்று சொல். அதற்கு மேல் நடிக்காதே, உனக்கு வராது.

ஜாவித்

எண்ணெய் வாசனை வந்தால் பழி உன் மிஷின்மேல்.

குறடு விரிந்ததும் அத்தா, "எங்க அவரு? வந்து பாக்கச் சொல்லு" என்பார். நான் வேலை முடிந்து பீளமேட்டிலிருந்து வரும்போதே, தோற்றவன் முகத்தை எப்படி வைப்பது என்று பஸ்ஸில் பழகிக்கொள்கிறேன்.