மூன்றாவது கோட்டுக்கு நான்கு விரல் கீழே

ஜூலை 6, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு சலவை அறையில் வேலை செய்யும் அக்காக்களுக்குக்கூட வேண்டாம். முக்கியமாக, வெள்ளிக்கிழமை போன் பேசும்போது அப்பாவிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. போன் எப்போதும் கடை மேஜையில் ஸ்பீக்கரில் கிடக்கிறது. "சாப்பிட்டேன், படிக்கிறேன்" என்பதைத் தவிர உன்னிடம் எதைப் பேச முடிகிறது? தையல் அத்தை இதைத் தபாலில் சேர்ப்பதாகச் சொன்னார். பதிலையும் அவர் வீட்டுக்கே அனுப்பு. சுண்டு தூங்கிவிட்டான். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதே. அப்பா எந்தக் கதவையும் தட்டிவிட்டு வருகிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். படிக்கட்டில் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன்.

"கம்பெனிக்காரங்க கடைக்கு லைட் போட்டுக் குடுத்தாங்க" என்று அப்பா உன்னிடம் சொன்னார் இல்லையா? அது வெறும் லைட் இல்லை அம்மா. சிகரெட் விளம்பரப் பெட்டி. கண்ணாடிக்குள் சிவப்பும் பொன்னிறமுமாக விளக்கு எரிகிறது. மாட்ட வந்தவரை நாங்கள் சென்ட் மாமா என்போம். அவர் போய் அரை மணி நேரம் ஆனாலும் வாசனை எழுந்து போகாது.

அப்பா அதை மேல் அலமாரிப் பக்கம் மாட்டச் சொன்னார். சென்ட் மாமாவோ நம் உள்கதவின் நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா சுண்டுவை அங்கே நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு, அதே நீளத்துக்கு நூல் வெட்டி உனக்கு அனுப்புகிறாரே, அந்தக் கோடுகள். நீ போன பிறகு போட்ட மூன்று கோடுகள்.

"இது யாரு சார்?"

"நம்ம பையன்தான். ஆறாவது. மூணாவது கோடு இந்த வருஷத்துது." அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்ல வளர்த்தி சார்" என்று சொல்லிக்கொண்டே டேப்பை எடுத்துத் தரையிலிருந்து மூன்றாவது கோடு வரை அளந்தார். அதிலிருந்து நான்கு விரல் கழித்தார். அந்த உயரத்தில், மிட்டாய் ஜாடிகளை ஒட்டிப் பெட்டியை மாட்டினார். பிறகு தெருவில் இறங்கி, மண்டி போட்டு உட்கார்ந்து, அங்கிருந்து அதைப் பார்த்தார்.

"என்ன சார், ஏதாவது விழுந்துருச்சா?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அவர் எதற்காக மண்டி போட்டார் என்று போன வாரம்தான் எனக்குப் புரிந்தது. சுகாதார டீச்சர் எங்களுக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தைச் சுற்றி இருக்கும் கடைகளில் புகையிலை விளம்பரம் எத்தனை, எந்த உயரத்தில், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். நகராட்சிக்கு அனுப்புவார்களாம். இவ்வளவு பக்கத்தில் விளம்பரமே இருக்கக்கூடாதாம், வந்து கழற்றிவிடுவார்களாம். எங்கள் பெயர் எழுத வேண்டியதில்லை. ஆனால் நம் தெரு எனக்கு விழுந்திருக்கிறது.

பெட்டி போனால் கம்பெனி தரும் மாத வாடகை போய்விடும். அந்த வாடகையில்தான் கடைக் கடன் முடிந்து நீ டிசம்பரில் வரப்போகிறாய். அம்மா, நம் கடைக்கு நேராக நான் என்ன எழுதட்டும்? ஆகஸ்ட் பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும்.

உன் மகள்

---

ஜூலை 15

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். யாருக்கும் காட்டவில்லை. காட்டமாட்டேன். இருட்டில் எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்? உன் அப்பா உனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. ஊரெல்லாம் திருத்துவாய், உன் தலையை மட்டும் வாரமாட்டாய்.

நான் சொல்வதைக் கேள். நம் கடையை விட்டுவிட்டு மற்ற கடைகளை எழுதிக் கொடு. ஒரு பெட்டியைப் பார்த்து என் பிள்ளை கெட்டுவிடுவானா? மிட்டாய்க் கடைக்காரன் பிள்ளைக்கு மிட்டாய் திகட்டும். உண்மை பேச உனக்கு ஆயுசு கிடக்கிறது. எனக்கு டிசம்பருக்கு ஐந்தே மாதம்தான் கிடக்கிறது.

வேலையை விட்டுப் போகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். என் கட்டில் யாருக்கு என்று இங்கே இப்போதே சண்டை. சுண்டுவுக்கு ஷூ வாங்கிவிட்டேன். நூலில் உயரம் தெரிகிறது, பாதம் தெரியவில்லை. ஒரு அளவு கூட்டி வாங்கினேன். உனக்கு என்ன வேண்டும் என்று நீ கேட்பதே இல்லை. கேளடி.

அம்மா

---

ஜூலை 25, இரவு

அம்மா,

எனக்கு எதுவும் வேண்டாம். இதையும் யாருக்கும் காட்டாதே.

சுண்டுவின் சாக்ஸைத் துவைக்க எடுத்தேன். உள்ளே ஒரு சிகரெட். பாதி உடைந்து, வியர்வையில் ஊறிப்போய்.

"என்னடா இது?"

"சும்மாக்கா."

"சும்மாவா? ஊது."

ஊதினான். புதினா மிட்டாய் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை.

"அந்தப் பெட்டி தெனம் என் மூஞ்சிக்கு நேராவே இருக்குதுக்கா. மிட்டாய் எடுக்கப் போனா அதான் தெரியுது. ஒண்ணே ஒண்ணு எப்படி இருக்கும்னு பாத்தேன்."

"ஒண்ணே ஒண்ணா?"

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். ஒரு கை போதவில்லை அம்மா. அப்பா சாப்பிட உள்ளே வரும் நேரத்தில் நம் கடையிலிருந்தே எடுக்கிறான். வகுப்பில் இன்னும் நான்கு பேராம். இவன்தான் அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதனால் பந்தாட்டத்தில் இவனை முதலில் சேர்த்துக்கொள்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் அழுதேன். அதைப் பார்த்து அவனும் அழுதான். "அப்பாகிட்ட சொல்லிடாதக்கா. அம்மா வர்றப்ப விட்டுர்றேன். சத்தியமா. டிசம்பர்ல வந்துருவாங்கல்ல?"

அம்மா, படிவத்தில் நம் கடைக்கு நேராக இன்னும் வெற்றிடம்தான். நான் எழுதினால் நீ வரமாட்டாய். எழுதாவிட்டால் நீ வரும்போது அவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்பதாவதுதான் படிக்கிறேன் அம்மா. இதை ஏன் என்னிடம் விட்டீர்கள்?

உன் மகள்

---

ஆகஸ்ட் 3

கண்ணே,

எழுதிவிடு.

போன கடிதத்தில் நான் சொன்னதைக் கிழித்துப் போடு. அது தாய் எழுதியது இல்லை, வீட்டு ஏக்கம் எழுதியது.

உன் கடிதம் வந்த அன்று மூன்றாவது நூலை எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் தரையைத் தொடும்படி ஆணியில் மாட்டினேன். மேலிருந்து நான்கு விரல் வைத்துப் பார்த்தேன். என் பிள்ளையின் கண் அங்கே இருந்தது. அவனைப் பெற்ற நான் மூன்று வருடமாக நூலை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். எவனோ ஒருவன் டேப்போடு வந்து ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போனேன். "போறேன்னீங்க?" என்றார். "இருக்கேன்" என்றேன். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டிலுக்காகக் காத்திருந்த பெண் என்னோடு பேசுவதில்லை. போகட்டும். அப்பாவிடம் நானே மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். நீ என் பெயரையும் இழுக்காதே, உன் பெயரையும் இழுத்துக்கொள்ளாதே.

ஷூவை ஊருக்குப் போகும் ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறேன். சுண்டுவிடம் சொல், அம்மா வரும்போது விட வேண்டாம், இன்றைக்கே விடச் சொல். அம்மா வர நேரமாகும்.

உன் மேல் எனக்குக் கோபமா என்று நினைத்துக்கொண்டு உட்காராதே. சாப்பிடு.

அம்மா

---

செப்டம்பர் 9, இரவு

அம்மா,

இதை மட்டும் படித்ததும் கிழித்துவிடு.

படிவத்தை நீ சொன்னபடியே கொடுத்தேன். பெயர் எழுதவில்லை. ஆனால் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். கடையில் டேப் கேட்டால் அப்பா எதற்கு என்று கேட்பாரே என்று, உயரம் என்ற கட்டத்தில் எனக்குத் தெரிந்ததை எழுதினேன்.

இன்று சாயங்காலம் நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் மாடிப்படியில் நின்றேன். அப்பா, "யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"பேரு இல்லீங்க. ஸ்கூல் பிள்ளைங்க எழுதுனது. உயரம் மட்டும் சரிபாத்துட்டுக் கழட்டிருவோம்." ஒருவர் தாளைப் பார்த்து உரக்கப் படித்தார். "'கதவு நிலையில் உள்ள மூன்றாவது கோட்டுக்கு நான்கு விரல் கீழே.' இது என்ன கோடுங்க?"

அப்பா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு, "எங்க வீட்டுக் கோடு" என்றார்.

திரும்பி மாடிப்படியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து, "எவன் பாத்த வேலை இது? கையில கெடச்சா..." என்றார். "கெடச்சா? என்ன பண்ணுவ?" என்று அப்பா கேட்ட விதத்தில் அவர் வந்த வழியே போய்விட்டார்.

ஷூ முந்தாநாள் வந்தது. ஒரு அளவு கூட்டி வாங்கினாயே, இப்போதே சரியாக இருக்கிறது. நீ வரும்வரைக்கும் தாங்காது. சுண்டு அதைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபடி, "டிசம்பருக்கு வரமாட்டாங்களாக்கா?" என்று கேட்டான். இன்று பெட்டியைக் கழற்றிய பிறகு, "நீதானா?" என்று மட்டும் கேட்டான். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. விட்டானா என்று தெரியவில்லை அம்மா. அவன் சட்டையில் இன்னும் புதினா வாசனை வருகிறது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே அப்பா வியாபாரத்தை நிறுத்திவிட்டார். மாடிப்படியில் இருந்து பார்த்தேன். பெட்டி இருந்த இடம் மட்டும் சுவரில் புதுசாக, சதுரமாகத் தெரிந்தது. தெருவில் இறங்கினார். சென்ட் மாமா உட்கார்ந்த அதே இடத்தில் மண்டி போட்டார். முழங்கால் வலி உள்ள மனுஷன், சுவரில் கை ஊன்றி, மெதுவாக. அங்கிருந்து அந்தச் சதுரத்தைப் பார்த்தார். சைக்கிளில் போன ஒருவர், "என்னங்க, ஏதாவது விழுந்துருச்சா?" என்று கேட்டார்.

அப்பா வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை.

சாப்பிட வரவில்லை. சுண்டுவைக் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. இருட்டுக் கடைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். நீ இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டதை அவரிடம் சொல்லிவிட்டாயா? இல்லை, அதையும் நான்தான் சொல்ல வேண்டுமா? அவர் என்ன கேட்டாலும், நீ எழுதச் சொன்னாய் என்று மட்டும் சொல்லமாட்டேன். இது என்னோடு

படிக்கட்டில் சத்தம்.

அம்மா, கதவைத் தட்டுகிறார். மெதுவாகத் தட்டுகிறார். அப்பா ஒருநாளும் இப்படித் தட்டி