மாதாவுக்குப் போன புடவை

புதுச்சேரி,
14.11.2006

அன்புள்ள அம்மாவுக்கு, பிரிஸ்கில்லா எழுதுவது. இங்கே நான் நல்ல சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

கோயில்களில் உள்ள பழைய சுரூபங்களைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம் என்று சொன்னேனே, நேற்று ஒரு மாதா சுரூபத்தின் முறை. மரவேலை தெரிய வேண்டும், புடவையை எடுங்கள் என்றார் கேமரா பிடிக்கும் விஜயராகவன் சார். மாதாவுக்குப் புடவை சாத்தும் ரோசா அக்கா குறுக்கே நின்றுவிட்டார்.

"ஆம்பளைங்க எதிர்ல மாதாவுக்குப் புடவை மாத்த மாட்டோம். எல்லாரும் வெளிய போங்க."

சார் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். இத்தனை நாள் விவரங்களை டைப் அடித்தவள் நான். ரோசா அக்கா சொன்னபடி நானே புடவையை எடுத்துவிட்டு, எல்லாப் பக்கமும் படமெடுத்தேன். செதுக்கிய அங்கியில் பழைய நீலம் அப்படியே இருக்கிறது அம்மா. படங்களைப் பார்த்த சார், "இனிமே கேமரா உங்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார்.

"புடவையை எடுத்தவதான் புதுசு சாத்தணும். அதான் இங்க வழக்கம்" என்றார் ரோசா அக்கா. வரும் கிறிஸ்துமஸுக்கு நீ எடுத்துத் தந்த மாம்பழக் கலர் புடவையை அறையிலிருந்து கொண்டுவந்து சாத்திவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. என்னைவிட மாதாவுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது.

இப்போது பண்டிகைக்கு எனக்குப் புடவை இல்லை. பார்சலில் அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

அவசரத்தில்,
பிரிஸ்கில்லா