கேட்காமல் போட்ட ஊசி

யோகேஸ்,

கோழிப் பிரட்டல் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு. முட்டித் தையல் பிரிக்க கனகா அக்காவோட போறேன். நீ லீவு போட வேணாம்லா.

ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல இருந்த மலாய்க்கார அம்மா, மாக்சிக் ரொக்கியா, போன் பண்ணாங்க. ரத்தம் உறையாம இருக்க நீ தினம் என் வயித்துல போடுற ஊசி மருந்து பன்னிக் குடல்ல இருந்து எடுக்கிறதாம். அவங்க முஸ்லிம்னு டாக்டர் முன்னாலேயே கேட்டு, வேற ஊசி போட்டாங்களாம். "அம்மாவுக்குத் தெரிய வேணாம்"னு நீ டாக்டர்கிட்ட சொன்னது அவங்க காதுல விழுந்துச்சாம்.

நான் சைவமாகி இருபது வருசம். உனக்குக் கோழி ஆக்கிப் போடுறேன். உன்னைக் கேக்காம உன் தட்டுல ஒரு கரண்டி வச்சிருக்கேனா?

சாவி செருப்பு அலமாரியில.

அம்மா

இன்னிக்கு ஊசிய நானே போட்டுக்கிட்டேன். கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்.