இடது ஓரம்

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்கு எதிரே புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருந்தேன். உங்களுக்கு லென்சும் பிலிமும் விற்ற பாய், இந்த வருஷம் தன் கடைக்குக் காலண்டர் அடிக்கிறார். "அண்ணாச்சி எடுத்த மலை ஒண்ணு குடுங்கம்மா, அது போதும்" என்று கேட்டார். அய்யனார் கோவில் ஓடைப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே வேலை பார்க்கும் பெண் படத்தை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடினாள். ஒரு வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்ந்து போனது. திரையில் உங்கள் மலை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. கடைசியில் ஓடையும் பாறையும் வந்தன.

"அக்கா, இடது ஓரத்துல யாரோ ஒரு பொம்பள நிக்குறாக. தோளும் பையும் மட்டும்தான் தெரியுது. எடுத்துரட்டா? இடமே தெரியாது."

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்துப் பாறையில் கொஞ்சத்தைக் கிள்ளி எடுத்து அந்த இடத்தில் தேய்த்தாள். பொம்பளை போய்விட்டாள், பாறை வளர்ந்துவிட்டது. திரும்ப வைக்கச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினாள். பொம்பளை வந்து நின்றாள். பாய் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பொம்பளை நான்தான். உங்கள் படங்களின் இடது ஓரத்தில் இருந்ததையெல்லாம் இல்லாமல் ஆக்கியவளும் நான்தான். இந்த இரண்டாவது விஷயம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போய் நான்கு வருஷம் ஆகிறது. இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

நம் வீட்டுக் குளியலறையில் சிவப்பு பல்பை மாட்டி அதைப் படம் கழுவும் டார்க் ரூம் ஆக்கினீர்கள். கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. "பி.எஸ்ஸி படிச்சவ கக்கூசுக்குள்ள உக்காந்து ஊரான் கல்யாணத்தக் கழுவுதா" என்று எதிர்வீட்டுக்காரி தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வெறும் தாளில் முகம் ஏறி வருவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

"எடுக்குறது என் பாடு, கழுவுறது உன் பாடு" என்பீர்கள். நெகட்டிவை நீங்கள் தொடவே மாட்டீர்கள். கல்யாண நெகட்டிவையாவது பார்ப்பீர்கள், மலையின் நெகட்டிவைப் பார்க்கவே மாட்டீர்கள். வானம் கறுப்பாகவும் மலை வெளுத்தும் கிடப்பது உங்களுக்கு ஆகாது. "செத்த மலை மாதிரி இருக்கு ஏட்டி, எடுத்துட்டுப் போ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். அதனால் பிலிமில் முழுதாக என்ன விழுந்திருக்கிறது என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும். எல்லாம் நடந்தது இதனால்தான்.

நம் ஸ்டுடியோவுக்கு வரும் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் எல்லாம் வயிற்றுக்கு. மலைதான் உங்களுக்கு. சிவகாசிக் காலண்டரில் நம் மலை ஒரு முறையாவது தொங்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. காஷ்மீரையும் சுவிட்சர்லாந்தையும் அடிக்கிறார்களே, இருபது மைலில் இருக்கிற மலை அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். அதற்காக ஒவ்வொரு சாமானாகச் சேர்த்தீர்கள். காலை மூட்டத்தை வெட்ட ஆரஞ்சு ஃபில்டர். மேகம் தனியாக எழும்பி நிற்க சிவப்பு ஃபில்டர். அலுமினிய ஸ்டாண்டு ஆடிக் காற்றில் நடுங்குகிறது என்று ஆசாரியிடம் சொல்லி வேங்கை மரத்தில் ஒன்று செய்தீர்கள். அதை நீங்கள் தோளில் தூக்கிக்கொள்வீர்கள், நான் பையை மாட்டிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிக் கிளம்பினால் வழியில் நம்மை சர்வே எடுக்க வந்தவர்கள் என்றே நினைப்பார்கள். வ. புதுப்பட்டியில் ஒருவர் வரப்பில் ஓடிவந்து, "சார், ரோடு எங்க வயலுக்குள்ளயா போகுது?" என்று கேட்டார். "இல்லண்ணே, நேரா மலைக்கு மேல போகுது" என்றீர்கள். அவர் பாவம், நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

பிறகு அந்த இருபத்தெட்டு எம்.எம். அகன்ற லென்ஸ். மெட்ராஸிலிருந்து பாய் வரவழைத்துக் கொடுத்த பழைய லென்ஸ். மாட்டிப் பார்த்துவிட்டு, "கதவு ரெண்டையும் தொறந்த மாதிரி இருக்கு" என்றீர்கள்.

முதலில் தெரிந்தது புதுப்பட்டிக் கண்மாயில். மலை, தண்ணீர், நெல், எல்லாம் சரியாக இருந்தன. இடது ஓரத்தில் முழு மின்கம்பம் ஒன்று, கம்பியோடு. கம்பம் தெரியாமல் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் நீங்கள். அவசரத்தில் விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழ வைக்கும் என்லார்ஜரின் கீழே, ஓரத்தை மறைக்கும் கறுப்பு அட்டையை ஒன்றரை அங்குலம் உள்ளே நகர்த்தினேன். கம்பம் போனது. காலையில் படத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொல்லக்கூடாது, நல்லா விழுந்துருக்கு" என்றீர்கள்.

இரண்டு மாதம் கழித்து அய்யனார் கோவில் ஓடை. நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தபோது இடது ஓரத்தில் நான் நின்றேன். தோள், பை, காற்றில் தூக்கிய முந்தானை. "மலையில மனுசன் எதுக்கு" என்று கோவிலுக்கு வந்தவர்களையெல்லாம் ஒதுங்கச் சொல்லிக் காத்திருந்து எடுக்கிறவர் நீங்கள். அப்படிப்பட்டவர் என்னை உள்ளே வைத்திருக்கிறார் என்றால் அது தெரிந்துதான் இருக்கும் என்று நினைத்தேன். நமக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். வாய்விட்டு எதையும் சொல்கிற ஆள் இல்லை நீங்கள். இதுதான் உங்கள் வழி என்று எடுத்துக்கொண்டேன். கேட்டால் கூச்சப்பட்டு மறுபடி செய்ய மாட்டீர்கள் என்று கேட்கவில்லை. உங்களுக்குக் கொடுத்த பிரதியில் என்னை வெட்டினேன், எனக்கு மட்டும் முழுதாக ஒன்று போட்டுப் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் எனக்குள் ஒரு சந்தோஷம்.

அதே ரோலில் இன்னும் இரண்டு படங்களில் இடது ஓரத்தில் காயப்போட்ட வேட்டி இருந்தது. அதையும் வெட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்திருக்க வேண்டும். அடுத்த ஒன்றரை வருஷம் ஒவ்வொரு ரோலிலும் மூன்று, நான்கு. ஆட்டு முதுகு, சைக்கிள் சக்கரம், யாரோ ஒருவரின் கை. எல்லாம் இடது பக்கம். கல்யாண சீசன், தூக்கமில்லை, கவனம் சிதறுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சொன்னால் மனம் விட்டுவிடுவீர்கள் என்று பயம். அட்டையை நகர்த்துவது சுலபமாக இருந்தது.

காலண்டருக்குக் கேட்பது கலர் ஸ்லைடு, அது நம் வீட்டில் கழுவுவதல்ல. பிலிம் மெட்ராஸுக்குப் போய்க் கழுவி வந்ததும் உறையோடு சிவகாசி அச்சகத்துக்குக் கொண்டு போனீர்கள். அங்கே என் அட்டை இல்லை. பன்னிரண்டில் எட்டு திரும்பி வந்தது. "மலையத்தான கேட்டோம் அண்ணாச்சி, கம்பத்தையும் சேத்துக் குடுக்குறியளே" என்று அச்சகக்காரர் சிரித்தாராம். அதைச் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனீர்கள்.

அங்கே அதற்கு ஒரு காரணம் கிடைத்தது. கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஃபைண்டரில் காட்டுவதைவிட பிலிமில் கொஞ்சம் கூடுதலாக விழும் என்றார் பாய். உண்மைதான். "பாத்தியா, நான் சொல்லல? இந்த லென்சுல கண்டதெல்லாம் உள்ள வந்துருது" என்று என்னிடம் திரும்பினீர்கள். பாய் சும்மா இருக்கவில்லை.

"லென்ஸ மாத்தி மாத்திப் பாக்குறிய அண்ணாச்சி, ஒரு தடவ கண்ண மாத்திப் பாருங்களேன்."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் ஆங்கிலப் பத்திரிகையை என் மடியில் வைத்து, அகன்ற லென்ஸா, தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸா, வாசித்துச் சொல் என்றீர்கள். ஃபைண்டர் விடுவது நகக்கண் அளவு. நான் வெட்டி வந்தது பன்னிரண்டு அங்குலத்தில் ஒன்றரை அங்குலம். கணக்கு தெரிந்தவள் நான். அந்த இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கட்டுரையைக் கடைசிவரை வாசித்துவிட்டு, "டெலி லென்ஸே, நூத்தி முப்பத்தஞ்சு வாங்குங்க. வேண்டாதது உள்ள வராது" என்றேன். அந்த லென்ஸைத் தேர்ந்தெடுத்தது நான்.

இருபத்தெட்டை பாயிடமே கொடுத்துவிட்டு நூற்று முப்பத்தைந்தை வாங்கினோம். கம்பமும் வேட்டியும் குறைந்தன. ஒரு முகடு, அதில் ஒரு மரம், மேலே மேகம். அந்தப் படங்கள் நன்றாக இருந்தன, பொய் சொல்லவில்லை. சிவகாசியில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் முழுக்க சலூனிலும் ரைஸ் மில்லிலும் நம் மலை தொங்கியது. முடி வெட்ட அவசியமில்லாத நாளிலும் சலூனுக்குப் போய் உட்கார்ந்தீர்கள். நம் மகளுக்கு அப்போது ஏழு வயது. பார்க்கிற கடைக்காரரிடமெல்லாம் "இது எங்கப்பா மலை" என்பாள். நாம் சந்தோஷமாக இருந்த வருஷம் அது. அப்போதே வந்திருந்தால் பாதிப் பார்வையையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று கண் டாக்டர் பின்னால் சொன்ன வருஷமும் அதுதான்.

மொபெட்டில் போகும்போது இடது பக்கமிருந்து வந்த ஆட்டின் மேல் ஏற்றிவிட்டு விழுந்தீர்கள். அடுத்த மாதம் சைக்கிள்காரர் ஒருவர். அதன் பிறகுதான் மதுரைக்குக் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது, வலது கண்ணின் இடது ஓரம்தான் முதலில் போயிருக்கிறது, இப்போது இடது கண்ணும் என்றார். வலிக்காது, சிவக்காது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது மூடிவிடும், ஒரு கண்ணை மூடினால்தான் வெளியே வரும் என்றார். நீங்கள் இடது கண்ணை மூடிக்கொண்டுதான் கேமராவில் பார்ப்பீர்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம், பிள்ளையையும் வருஷம் ஒரு முறை கொண்டு வந்து காட்டுங்கள் என்றார்.

திரும்பும்போது பஸ் கல்லுப்பட்டி தாண்டியதும் கேட்டீர்கள்.

"நீ கழுவுறப்போ எதும் தெரிஞ்சுச்சா?"

"ஒண்ணும் தெரியலங்க."

நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நம்பினீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் நிச்சயமில்லை.

அதற்கப்புறம் பார்வை சுருங்கிக்கொண்டே போனது. "இப்ப கண்ணே டெலி லென்ஸ் ஆயிருச்சு ஏட்டி, தனியா வாங்க வேண்டியதில்ல" என்று ஒரு நாள் சொன்னீர்கள். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு வருஷம் நான் பின்னால் நின்று ஓரங்களைச் சொன்னேன். இடது பக்கம் ஆள், வலது பக்கம் கொப்பு, மேலே கம்பி. நான் சொல்லச் சொல்லக் கேமராவை நகர்த்தினீர்கள். பிறகு அது என் படமா உங்கள் படமா என்று உங்களுக்கே வெறுத்துவிட்டது. கேமராவை வைத்துவிட்டீர்கள். ஸ்டுடியோவையும் மூடினோம். கடைசி இரண்டு வருஷம் காலையில் மேற்கே பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூட்டம் கலைந்துவிட்டதா என்று என்னிடம் கேட்பீர்கள். ஒரு ஐப்பசிக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே போய்விட்டீர்கள். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம்.

ஓடைப் படத்தில் என்னை நீங்கள் வைக்கவில்லை. நான் அங்கே நின்றது உங்களுக்குத் தெரியவே இல்லை. இதை எழுதும்போதுதான் முதல் முறையாக வார்த்தையாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மகளுக்கு இப்போது பதினேழு. வருஷம் தவறாமல் மதுரைக்குக் கூட்டிப் போய்க் காட்டுகிறேன். இந்தச் சித்திரையில் அவளுக்கும் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார்கள். வலது கண்தான். ஆரம்பம் என்கிறார்கள்.

அன்று பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பம், வேட்டி, கறுப்பு அட்டை, உங்கள் கேள்வி, என் பதில். அதற்குள் திருமங்கலம் வந்திருந்தது.

"அப்பா கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாள்.

"பயமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான்."

காலையிலும் ராத்திரியிலும் அவளுக்கு மருந்து விடுகிறேன். மாதம் ஒரு முறை செய்து பார்க்கும்படி டாக்டர் ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவளை எதிரே உட்கார வைத்து இடது கண்ணைப் பொத்தச் சொல்கிறேன். என் மூக்கையே பார்க்க வேண்டும். அவளுடைய இடது பக்கத்தில் தள்ளி விரலை நீட்டி, மெதுவாக உள்ளே கொண்டு வருகிறேன். தெரிந்ததும் "இந்தா" என்பாள். அவளுக்கு எங்கே தெரிந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று காலையில் பார்த்தோம். "இந்தா" என்றாள். கையை அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். அவள் என் மூக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், "போன மாசம் மாதிரிதானம்மா?" என்றாள்.

"இல்ல. ஒரு விரக்கடை உள்ள வந்த பொறவுதான் தெரிஞ்சிருக்கு" என்றேன்.