முடி தானாய் வந்தது

என் அன்புக் கணவருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். நடுக்கடலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் எல்லாருடைய எண்ணமும். அடுத்த துறைமுகத்தில் இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்துவிடும் என்று கப்பல் கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. மாடிக்குழாய் ஒழுகுவதைச் சரி செய்தாயிற்று.

வீடியோவில் உங்கள் அக்கா ஏன் முகத்தைக் காட்டாமல் மின்விசிறியையே காட்டுகிறார் என்று போன தடவை கேட்டீர்கள். போன் கெட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். போன் நன்றாகத்தான் இருக்கிறது. இனிமேல் எழுதலாம் என்று அக்காவே சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள். இப்போது அவர் நடமாடிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கப்பல் ஏறிய கொஞ்ச நாளில் அக்காவுக்கு மார்பில் கட்டி தெரிந்தது. புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை முடிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். "தண்ணி நடுவுல இருக்கிறவன் என்ன பண்ணுவான்? நீந்தியா வருவான்? சொல்லாதே" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அக்காவின் முடி எப்படிப்பட்டது என்று நான் சொல்லவா வேண்டும்? அவர் வேலை பார்க்கும் பார்லருக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் அவர் நாற்காலியில் உட்காருவார்கள். அது தலையணையில் கொத்துக் கொத்தாக வந்த அன்றே, முடி வெட்டும் மிஷினை என் கையில் கொடுத்து மழிக்கச் சொன்னார். நான் அங்கொன்றும் இங்கொன்றுமாக மழித்தேன். ஊரில் உள்ள தலையெல்லாம் வெட்டியவளுக்கு ஒரு நல்ல ஆள் கிடைக்கவில்லையே என்று சொல்லி, அவர்தான் என்னைச் சிரிக்க வைத்தார்.

முடி போனதைவிடத் தோல்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. குதிகால் வெடித்தது, விரல் மடித்தால் எரிந்தது, தலைத்தோல் இழுத்துப் பிடித்தது. வாசனை கிரீம் எதைத் திறந்தாலும் குமட்டல். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு விர்ஜின் தேங்காய் எண்ணெய் தடவினோம். கொப்பரையை ஆட்டி எடுப்பது வேறு, இது வேறு. பச்சைத் தேங்காய்ப் பாலிலிருந்து சூடு காட்டாமல் பிரிப்பது. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். மூடியைத் திறந்தால் அப்போதுதான் உடைத்த தேங்காய் வாசம். அது ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. குளிர் நாளில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்துவிடும். கரண்டிக் காம்பால் சுரண்டி உள்ளங்கையில் வைத்தால் உருகும். குளித்த ஈரம் முழுக்க உலர்வதற்குள் தடவ வேண்டும். கை, கால், தலை எல்லாம் அவரே தடவிக்கொள்வார். முதுகு மட்டும் என் பங்கு. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நானும் அவரும் மனசுவிட்டுப் பேசியது அப்போதுதான்.

சிகிச்சை முடிந்ததும் மொட்டைத் தலையோடுதான் வேலைக்குப் போனார். விக் அரிக்கிறதாம். உடன் வேலை செய்கிற பெண்கள் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு மெல்ல முடி வந்தது. முதலில் கோழிக்குஞ்சு மாதிரி. அப்புறம் பாருங்கள், சுருட்டை! நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சுருட்டை.

அதில்தான் வினை வந்தது. பார்லர் முதலாளியம்மா அந்த எண்ணெயைப் பாட்டிலில் போட்டு விற்கிறார். மொட்டைப் படத்தையும் சுருட்டைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'எங்கள் எண்ணெய் வளர்த்த முடி' என்று போஸ்டர் அடித்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிட்டார். அக்காவைக் கேட்கவே இல்லை. ஏன் ஒட்டினீர்கள் என்று அக்கா போய்க் கேட்டதும், புதிதாகத் திறக்கப்போகிற கிளைக்கு நீதான் பொறுப்பு என்றாராம்.

ஒரு நாள் அக்கா மாத்திரையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று நான் கொண்டுபோனேன். அதே நேரம் ஒரு அம்மா, தொப்பி போட்ட சின்னப் பெண்ணோடு உள்ளே வந்தாள். போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தவள். இருப்பதிலேயே பெரிய பாட்டில் வேண்டும் என்றாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடி வந்துவிடுமா என்று கேட்டாள்.

முதலாளியம்மா கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா அந்த அம்மாவை உட்கார வைத்துச் சொன்னார்: "எனக்கு முடி தானா வந்துச்சும்மா. மருந்து நின்னதும் பெரும்பாலும் எல்லாருக்கும் வந்துடும். டாக்டரைக் கேளுங்க. எண்ணெய் தோலைக் காயவிடாது, அவ்வளவுதான். சின்ன பாட்டில் போதும்." பிறகு குனிந்து தன் தலையை அந்தக் குழந்தையிடம் காட்டினார். அது சுருட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தது.

அவர்கள் போனதும் போஸ்டரை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்து, சுருட்டி முதலாளியம்மாவிடம் கொடுத்தார். "இது நல்ல எண்ணெய்தான். யார்கிட்ட வேணும்னாலும் சொல்றேன். ஆனா அது செய்யாததைச் செஞ்சதா காட்ட என் தலையைக் கேக்காதீங்க" என்றார். குரல் உயரவே இல்லை.

புதிய கிளை வேறொருத்திக்குப் போயிற்று. அக்காவைப் பின்கட்டில் டவல் துவைக்கப் போட்டார்கள். முகம் சுளிக்காமல் துவைத்தார். வாடிக்கைக்காரிகள் விடவில்லை. வேறு நாற்காலியில் உட்கார மாட்டோம் என்று வாசலிலேயே காத்துக் கிடந்தார்கள். ஒரு நாள் முதலாளியம்மாவே பின்கட்டுக்கு வந்து, கத்தரியை நீட்டிவிட்டுப் போனாராம். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கிடையாது. போஸ்டர் மட்டும் திரும்ப வரவில்லை.

முன்பெல்லாம் உங்கள் அக்கா என்றால் எனக்குப் பயம். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவேன். இப்போதும் ஆட்டுகிறேன், ஆசையாய்.

அடுத்த மாதம் மறுபரிசோதனை. நான் கூடப் போகிறேன். ஒன்றும் இருக்காது என்கிறார். ஆனால் அந்தத் தேதியைச் சொன்ன அன்று, துவைத்து மடித்து வைத்த துணியையெல்லாம் எடுத்து மறுபடியும் துவைத்தார்.

கரை இறங்கியதும் அவருக்குப் போன் பண்ணுங்கள். அழாதீர்கள், அவருக்குப் பிடிக்காது. சுருட்டையைக் கிண்டல் பண்ணுங்கள், சண்டை போடுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கப்பல் ஏறாமல் வந்துவிடுங்கள். அவர் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன்.

கடல் உங்களைப் பத்திரமாக எங்களிடம் அனுப்பி வைக்கட்டும்.

உங்கள் வரவை எண்ணி,
உங்கள் மனைவி