ஏழும் ஆறும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நானும் அப்படியே என்று எழுத வந்த கை கொஞ்சம் தயங்குகிறது, ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் தொலைபேசியில், "கணக்கெல்லாம் தடுமாறுதும்மா உனக்கு, டாக்டரைப் பாத்துட்டு எங்ககூடவே இருந்துடு" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் சொல்கிற பேச்சா இது என்று அன்றே உன் அப்பாவின் பழைய சால்டரிங் அயர்னை எடுத்துவிட்டேன். கூட்டல் போடும் கருவி ஒன்றை என் கையாலேயே செய்து உனக்குக் காட்டுவதென்று முடிவு. டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் வாங்கப் போனால் கடைக்காரர், "பேரனுக்கு ஸ்கூல் புராஜெக்டா பாட்டி?" என்கிறார். பாட்டிக்குத்தான் என்றேன், எடுத்துக் கொடுத்தார். மாடியில் இருக்கும் உன் அத்தை வேறு, "பத்து விரல் இருக்கும்போது எதுக்கு அண்ணி இந்த ஒயர்க் குப்பை?" என்று படியில் நின்று சிரித்தாள்.

சாப்பாட்டு மேசைமேல் ஒரு பலகை, அதில் எண்களைக் கொடுக்க இரண்டு வரிசை ஸ்விட்ச், விடைக்கு நான்கு சின்ன விளக்கு. விளக்குகளுக்கு ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று மதிப்பு, எரிகிறவற்றைச் சேர்த்தால் விடை. சின்ன எண்களெல்லாம் சரியாக வந்தன. ஏழையும் ஆறையும் போட்டேன். எட்டும் நான்கும் ஒன்றும் எரிந்தன, பதிமூன்று. பதினான்கல்லவா வர வேண்டும் என்று, மிஞ்சுவதை அடுத்த விளக்குக்குக் கொண்டுபோகும் ஒயரைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். பதிமூன்றுதான். ஒரு டிரான்சிஸ்டரையே பிடுங்கிவிட்டு வேறு வைத்தேன். அப்போதும் பதிமூன்று. போட்ட கணக்கை வேறு வழியில் சரிபார்க்காமல் பேனாவை மூடக்கூடாது என்பது நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் போட்ட சட்டம். தையல் பெட்டியிலிருந்து பட்டன்களை எடுத்து, ஏழு ஒரு பக்கமும் ஆறு ஒரு பக்கமுமாக அடுக்கி, விரலால் தள்ளித் தள்ளி எண்ணினேன். பதிமூன்று. கலைத்து அடுக்கி மறுபடி எண்ணினேன், பதிமூன்றேதான். பலகையில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

ஆகவே டாக்டரிடம் நாள் கேட்டு வை, வருகிறேன். பலகையைப் பெட்டியில் போட மாட்டேன், மடியில் வைத்தே கொண்டு வருவேன். ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழாதே, எனக்குப் பிடிக்காது. அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். கடவுள் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும் அதன் கடைசிவரை தெளிந்த அறிவையும் தரட்டும். ஒன்று மறக்காதே, இனி நான் எதை அடித்துச் சொன்னாலும் நீ ஒருமுறை சரிபார். கோபப்படுவேன், அப்போதும் சரிபார்.

உன் அம்மா